மரத் தண்டவாளமும் ஒரு கடன்காரரும்

ஹண்டிங்டன் பியூமான்ட் என்று ஒருத்தர். 1624-ல் நாட்டிங்ஹாம் சிறையில் செத்துப்போனார். கொலை, கொள்ளை எதுவும் பண்ணலை. கடன் வாங்கினார், திருப்பிக் கொடுக்க முடியலை, பிடிச்சு உள்ளே போட்டுட்டாங்க. அந்தக் கால இங்கிலாந்தில் கடனுக்காக உள்ளே போனால் சுலபத்தில் வெளியே வர முடியாது. உள்ளே உட்கார்ந்துகொண்டு எப்படிச் சம்பாதிச்சுக் கடனை அடைப்பது என்று சட்டம் போட்டவங்க யோசிச்ச மாதிரியே தெரியலை.

இந்த மனுஷன்தான் 1603 அக்டோபருக்கும் 1604 அக்டோபருக்கும் நடுவில், நாட்டிங்ஹாமுக்குப் பக்கத்தில் ஸ்ட்ரெல்லி என்கிற ஊர் நிலக்கரிக் குழிகளிலிருந்து வொல்லடன் வரைக்கும் சுமார் 2 மைல் தூரத்துக்கு மரத்தாலேயே தண்டவாளம் போட்டு, அதன் மேல் குதிரை வண்டியில் கரியை இறக்கினவர். தண்டவாளத்தில் நீராவி எஞ்சின் முதன்முதலாக ஓடினது வேல்ஸில் பென்னிடாரன் என்ற இடத்தில், 1804-ல். அதாவது பியூமான்டுக்குச் சரியா 200 வருஷம் கழிச்சு. நாம பள்ளிக்கூடத்தில் படிச்ச ஸ்டீபன்சன் எல்லாம் இந்தக் கதையில் இடைவேளைக்கு அப்புறம்தான் வருவார்.

கொஞ்ச நாளா எனக்கு இந்தப் பைத்தியம் பிடிச்சிருக்கு. வேகன்வே என்று பேர். இரும்புக்கு முந்தின ரயில். வேலை விஷயமாக இங்கிலாந்தின் வடகிழக்கில் வந்து மாட்டிக்கொண்டவனுக்கு வாரக்கடைசியில் செய்ய வேறென்ன இருக்கு? கோட்டை பார்க்கலாம், கடற்கரைக்குப் போய்க் குளிரில் நடுங்கலாம். நான் கரி போன தடத்தைத் தேடிக்கொண்டு வயலுக்குள்ளே நடக்கிறேன். வீட்டம்மா ஒரு முறை கூட வந்தாங்க. ஒரு மணி நேரம் சேத்தில் நடந்து, புல் முளைச்ச ஒரு மேட்டைக் காட்டி "இதுதான்"னு சொன்னேன். "எது?"ன்னு கேட்டாங்க. அதோடு சரி, அப்புறம் வரதில்லை :-)

அவங்களைக் குறை சொல்ல முடியாது. இந்த ஆராய்ச்சியில் பெரிய சிக்கலே, பார்க்க ஒண்ணும் இருக்காது என்பதுதான். கோயில் என்றால் கல் நிற்கும், கல்வெட்டு இருக்கும். இதுவோ மரம். ஈரமும் காற்றும் மாறி மாறிப் பட்டால் மக்கிப் போகும். மக்காததை எடுத்து அடுத்த பாதைக்குப் போட்டுடுவாங்க, இல்லைன்னா குளிருக்கு அடுப்பில் வெச்சுடுவாங்க. வொல்லடன் பாதையில் மேலே கண்ணுக்குத் தெரிய எதுவும் மிச்சமில்லை. அப்போ அது இருந்ததுன்னு எப்படித் தெரியும்? காகிதம். வொல்லடன் மாளிகையின் சொந்தக்காரர் சர் பெர்சிவல் வில்லோபி. அவர் குடும்பத்து ஆவணங்கள் இன்றைக்கு நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் இருக்கு. அதில் 1604 அக்டோபர் 1-ம் தேதியிட்ட ஒரு ஒப்பந்தத்தில், இப்போது தண்டவாளம் போடப்பட்டிருக்கும் அந்த வழி என்கிற அர்த்தத்தில் போகிற போக்கில் ஒரு குறிப்பு வருது. அவ்வளவுதான். இவ்வளவு பெரிய விஷயத்துக்கு ஆதாரம் ஒரு குத்தகைப் பத்திரத்தின் நடுவில் வரும் கால்வாசி வரி.

அந்த மாளிகையை நீங்க கண்டிப்பா பார்த்திருப்பீங்க. 2012-ல் வந்த பேட்மேன் படத்தில் புரூஸ் வெய்னின் வீடாக வருமே, அதேதான். 1580-லிருந்து 1588 வரை அதைக் கட்டினவர் பெர்சிவலின் மாமனார். கட்டி முடிச்சப்போ வீடு ஜம்முனு இருந்தது, கஜானாதான் காலி. மாமனார் போனதும் மாளிகையும் கடனும் சேர்ந்தே மருமகன் தலையில் இறங்கிச்சு. கடனைத் தீர்க்க ஒரே வழி நிலத்துக்கு அடியில் இருக்கிற கரி. கரியை வெளியே கொண்டுபோக வண்டிப்பாதை சரியில்லை, மழை பெய்தால் சேறு. அங்கேதான் பியூமான்ட் உள்ளே வர்றார். ஆக இதை ஆரம்பிச்சு வெச்சது ஏதோ விஞ்ஞான ஆர்வம்னு எனக்குத் தோணலை. வட்டி கட்ட முடியாத ரெண்டு பேரின் அவசரம்.

பியூமான்ட் அதோடு நிற்கலை. அடுத்த சில வருஷங்களில் வடக்கே நார்தம்பர்லாந்துக்குப் போய் பிளைத் ஆற்றங்கரைப் பக்கம் இதே வித்தையைக் காட்டினார். வில்லியம் கிரே என்பவர் 1649-ல் நியூகாசிலைப் பற்றி எழுதின புத்தகத்தில் இவர் கதையைச் சொல்றார்: முப்பதாயிரம் பவுண்டோடு வந்தார், ஒற்றைக் குதிரை வண்டி உட்பட இந்தப் பக்கம் யாரும் பார்க்காத சாதனங்களையெல்லாம் கொண்டுவந்தார், சில வருஷத்தில் அத்தனையும் கரைஞ்சு, ஒரு குதிரை மேல் ஏறி ஊர் திரும்பினார் என்று. கிரேயின் எழுத்தில் ஒரு நக்கல் இருக்கு. உள்ளூர்க்காரன் வெளியூர்க்காரனைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. ஆனா அந்த உள்ளூர்க்காரங்கதான் அப்புறம் இருநூறு வருஷம் அந்த ஆள் கொண்டுவந்த வண்டியை வெச்சுப் பணக்காரங்க ஆனாங்க.

"அப்போ பியூமான்ட்தான் முதல் ஆளா?" என்று கேட்டால் சண்டைதான். லங்காஷயரில் பிரெஸ்காட் என்ற இடத்தில் ஃபிலிப் லேட்டன் என்பவர் 1600-க்குக் கொஞ்சம் முன்பின்னாக ஒரு சின்னப் பாதை போட்டிருக்கார். ஷ்ராப்ஷயரில் செவர்ன் ஆற்றங்கரையில் புரோஸ்லி என்ற ஊரில் 1605-ல் ஒரு பாதை. அது தெரிய வந்ததே ஒரு தகராறால்தான். ஒருத்தர் போட்ட பாதையை எதிராளி தரப்பு உடைச்சுப்போட, வழக்கு லண்டன் ஸ்டார் சேம்பர் நீதிமன்றம் வரை போயிருக்கு. அவங்க ஒற்றுமையா இருந்திருந்தா நமக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது! இதுக்கெல்லாம் முன்னால், 1560-களில் எலிசபெத் ராணி காலத்தில் கம்பிரியா மலைகளில் செம்பு தோண்ட ஜெர்மன் சுரங்கத் தொழிலாளிகளைக் கூட்டி வந்தாங்க. அவங்க ஊரில் சுரங்கத்துக்குள்ளே மரப்பலகைத் தடத்தில் சின்ன வண்டியைத் தள்ளுவது வழக்கம். 1556-ல் வெளிவந்த அக்ரிகோலாவின் சுரங்கப் புத்தகத்தில் படமே இருக்கு. வண்டிக்கு அடியில் ஒரு ஆணி, ரெண்டு பலகைக்கு நடுவில் இருக்கிற இடைவெளியில் அது ஓடும், வண்டி தடம் மாறாது. கம்பிரியாவில் கால்ட்பெக் பக்கம் அப்படி ஒரு தடத்தின் மிச்சமே மண்ணுக்குள் கிடைச்சிருக்கு.

என்னைக் கேட்டால் "முதல்" என்கிற இந்தப் பஞ்சாயத்து கொஞ்சம் போர். ஒவ்வொரு ஊர்க்காரனுக்கும் தன் ஊர்தான் முதல். எனக்குப் பிடிச்சது வேற கேள்வி. அது எப்படி வேலை செஞ்சது? தினமும் அதில் நடந்தது யார்?

அமைப்பைச் சொல்றேன். தரையைச் சமப்படுத்தி, குறுக்கே ஓக் கட்டைகளைக் கிட்டத்தட்ட ரெண்டு அடிக்கு ஒண்ணாகப் போடணும். அது சிலீப்பர். அதன் மேல் நீளவாக்கில் மரத் தண்டவாளம், மர முளை அடித்து இறுக்குவது. இதில் ஒரு தொல்லை. நடுவில் குதிரை நடக்கும், அதன் லாடம் சிலீப்பரைத் தேய்க்கும். மேலே சக்கரம் தண்டவாளத்தைத் தேய்க்கும். தேய்ஞ்ச தண்டவாளத்தை மாத்த முளையைப் பிடுங்கணும். நாலு தடவை பிடுங்கி அடிச்சா சிலீப்பரில் ஓட்டைதான் மிஞ்சும். இதுக்கு அவங்க கண்டுபிடிச்ச வைத்தியம் இரட்டைத் தண்டவாளம். கீழே ஒண்ணு நிரந்தரமா இருக்கும். அதன் மேலே இன்னொண்ணு, பெரும்பாலும் பீச் மரம். தேயறதெல்லாம் மேல் கட்டைதான், கழட்டிப் புதுசு போட்டுக்கலாம், சிலீப்பரைத் தொடவே வேண்டாம். தண்டவாளம் உயர்ந்துட்டதால் சிலீப்பரையும் கரித்தூள், சாம்பல் கொட்டி மூடிடலாம், குதிரைக்கும் நல்ல நடைபாதை. ஒரே அடியில் ரெண்டு பிரச்சினை தீர்ந்தது. இதை யோசிச்சது யாருன்னு பேர் கிடையாது. ஏதோ ஒரு தச்சர்.

வண்டிக்கு சால்ட்ரன் என்று பேர், அளவுக்கும் அதே பேர். நியூகாசில் சால்ட்ரன் 1690-களில் 53 ஹண்ட்ரட்வெயிட் என்று நிலையாச்சு. நம்ம கணக்கில் சுமார் 2.7 டன். சாதாரண மண் ரோட்டில் எருதும் குதிரையும் சேர்ந்து இழுத்த கட்டை வண்டி ஏற்றினது அதில் மூணில் ஒரு பங்குதான். தண்டவாளத்தில் ஒரே ஒரு குதிரை, மூணு பங்கு சுமை. எட்டு சால்ட்ரன் சேர்ந்தால் ஒரு கீல் படகு நிறையும். அந்தப் படகு டைன் ஆற்றில் இறங்கி, முகத்துவாரத்தில் நிற்கிற கப்பலில் கரியை ஏற்றும், கப்பல் லண்டன் போகும். லண்டன்காரன் அடுப்பு எரியறதுக்கு இவ்வளவு பேர் ஓடியிருக்காங்க.

குழி மேட்டில், ஆறு பள்ளத்தில். அதனால் சுமையோடு போகும்போது இறக்கம். இறக்கத்தில் குதிரையை அவிழ்த்து வண்டிக்குப் பின்னால் கட்டிடுவாங்க. வண்டி தானா ஓடும். அதைத் தடுக்க ஒரு நீள மரக்கம்பு, சக்கரத்தின் மேல் அழுத்தற மாதிரி. வண்டிக்காரர் அந்தக் கம்பின் மேல் உட்கார்ந்துக்கணும். அவர் உடம்புதான் பிரேக். மழை நாளில் மரத்தின் மேல் மரம் தேய்ஞ்சா என்ன பிடிப்பு இருக்கும்னு நீங்களே யோசிச்சுக்குங்க. இந்த வண்டியை அருமையா படம் வரைஞ்சு வெச்சவர் கேப்ரியல் ஜார்ஸ் என்கிற பிரெஞ்சுக்காரர். 1765-ல் பிரெஞ்சு அரசாங்கம் இங்கிலாந்துத் தொழில்களைப் பார்த்து வர அனுப்பின ஆள். நாசூக்காச் சொன்னா ஆய்வாளர், நேரடியாச் சொன்னா ஒற்றர். உள்ளூர்க்காரங்களுக்கு அது தினசரி பார்க்கிற கரி வண்டி, அதைப் போய் யார் வரைவா? வேவு பார்க்க வந்தவன்தான் கவனமாப் பார்த்திருக்கான்.

பாதை போட நிலம் வேணும். நடுவில் இருக்கிற நிலத்துக்காரன் சும்மா விடுவானா? வேலீவ் என்று ஒரு வாடகை வசூல் பண்ணாங்க. தன் நிலத்தின் மேல் கரி போவதற்கு விலை. 1676-ல் நியூகாசில் வந்துபோன ஒரு நீதிபதியின் தம்பி ரோஜர் நார்த், துண்டு நிலம் வெச்சிருக்கிறவன்கூட வருஷத்துக்கு இருபது பவுண்டு எதிர்பார்க்கிறான் என்று ஆச்சரியப்பட்டு எழுதியிருக்கார். கரி எடுத்தவனைவிட வழி விட்டவன் நிம்மதியாத் தூங்கியிருப்பான்.

இனி வயலுக்குப் போகலாம். இப்போ இந்த ஆராய்ச்சி வீட்டில் உட்கார்ந்தே பாதி முடிஞ்சுடும். 1788-ல் வெளியான ஜான் கிப்சனின் வரைபடத்தில் டைன், வேர் ஆற்றுப் பக்கத்துச் சுரங்கங்களும் வேகன்வேக்களும் இருக்கு. ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் பழைய ஆர்டினன்ஸ் சர்வே வரைபடங்களை இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் போட்டுப் பார்க்கலாம். அதுக்கு மேல லைடார். விமானத்திலிருந்து லேசர் அடிச்சு, மரம் செடியையெல்லாம் கணக்கில் கழிச்சுட்டுத் தரையின் மேடுபள்ளத்தை மட்டும் காட்டற படம். இங்கிலாந்து சுற்றுச்சூழல் முகமை அதை இலவசமாகவே கொடுக்குது. ராத்திரி பதினோரு மணிக்கு அதை வெச்சுக்கிட்டு, காட்டுக்கு நடுவில் நூல் பிடிச்ச மாதிரி ஒரு கோடு போறதைப் பார்க்கும்போது வர்ற சந்தோஷம் இருக்கே! சரிவை ஒரே சீராக வெச்சுக்கிட்டு மலையைச் சுத்திச் சுத்தி இறங்குற கோடு என்றால் அது ஆடு மேய்ச்ச வழி இல்லை. வேலிகளும் சாட்சி சொல்லும். பாதை மறைஞ்சாலும், அதன் ஓரத்தில் வெச்ச வேலி ரெண்டு நூற்றாண்டுக்கு அப்புறமும் அந்த வளைவிலேயே நிற்கும்.

மிச்சமிருக்கிறதில் பிரமாண்டம்னா அது காஸி ஆர்ச்தான். டர்ஹம் பகுதியில் டான்ஃபீல்ட் பக்கத்தில், ஓர் ஓடையின் ஆழமான பள்ளத்துக்குக் குறுக்கே ஒற்றை வளைவில் கல் பாலம். 1725, 26-ல் கட்டினது. அகலம் சுமார் 105 அடி, உயரம் 80 அடி. இன்றைக்கும் நிற்கிற ரயில் பாலங்களில் உலகிலேயே பழசு இதுதான். இரும்பு எஞ்சின் எதுவும் இதில் ஓடினதில்லை, மரத் தண்டவாளத்தில் குதிரை வண்டிதான். ஒரு பக்கம் நிறைஞ்ச வண்டி போக, மறுபக்கம் காலி வண்டி வர என்று ரெண்டு தடம். நல்லா நடந்த காலத்தில் ஒரு நாளைக்கு 900 வண்டிக்கு மேல் கடந்ததாம். பணம் போட்டவங்க கிராண்ட் அலைஸ் என்று பேர் வெச்சுக்கிட்ட மூணு பெரிய குடும்பங்கள். கூட்டணின்னா நம்ம ஊர் தேர்தல் கூட்டணி மாதிரி இல்லை. வடகிழக்கின் கரியையும் வழியையும் சேர்த்துப் பிடிச்சுக்கிட்டு மத்தவனை உள்ளே விடாத கூட்டணி.

கட்டினவர் ரால்ஃப் வுட் என்கிற உள்ளூர்க் கொத்தனார். அவ்வளவு பெரிய ஒற்றை வளைவு அதுக்கு முன்னால் அந்த நாட்டில் யாரும் கட்டினதில்லை. முதலில் மரத்தில் கட்டினது விழுந்துட்டதாகவும், கல்லில் கட்டினதும் விழுந்துடுமோ என்ற பயத்திலேயே அவர் பாலத்திலிருந்து குதிச்சு இறந்ததாகவும் ஊரில் ஒரு கதை. இப்படிக் கட்டினவனைச் சாகடிக்கிற கதை எல்லா ஊர்ப் பெரிய கட்டடத்துக்கும் இருக்கும் போல, நம்ம பக்கமும் கேட்டிருப்பீங்க. எனக்கு அந்தக் கதையைவிடப் பிடிச்சது, பாலத்தின் அடித்தூணில் அவர் பேரும் 1727 என்ற வருஷமும் வெட்டின ஒரு சூரியக் கடிகாரம். கொத்தனார் என்று தன் தொழிலையும் சேர்த்தே வெட்டியிருக்கார். கெத்து!

பாலத்துக்குக் கிடைச்ச வாழ்வு கொஞ்ச காலம்தான். டான்ஃபீல்ட் சுரங்கத்தில் 1740 வாக்கில் தீப்பிடிச்சு எல்லாம் போச்சு, பாலத்துக்கு வேலை இல்லாமப் போச்சு. அப்படியும் முந்நூறு வருஷமா நிற்குது. ஒரு நவம்பர் மாசம் தனியாப் போயிருந்தேன். பக்கத்தில் ஒரு மாதிரி வண்டி வெச்சிருக்காங்க, கீழே கொஞ்சம் மரத் தண்டவாளம். வண்டியின் பிரேக் கம்பில் கை வெச்சுப் பார்த்தேன். 2.7 டன் கரிக்கு ஒரு கம்பு.

இப்போ என் ஆர்வத்துக்கான உண்மைக் காரணத்தைச் சொல்லணும். எங்க அப்பா ரயில்வேயில் கேங்மேன். மீட்டர் கேஜ் காலம், மரச் சிலீப்பர் காலம். தோளில் சுத்தியலோட வெயிலில் தடத்தோரம் நடப்பார். "கட்டை உசுரோட இருக்கா செத்துடுச்சான்னு தட்டினாத் தெரியும்டா"ன்னு சொல்வார். செத்த கட்டைக்கு ஒரு சத்தம், நல்ல கட்டைக்கு ஒரு சத்தம். எங்க வீட்டுத் திண்ணை ஓரத்தில் உட்காரப் போட்டிருந்ததும் ஒரு செத்த சிலீப்பர்தான், ஏலத்தில் எடுத்தது. ரயில் பத்தின புத்தகம் எதை எடுத்தாலும் எஞ்சின் இருக்கும், எஞ்சினீயர் இருப்பார். கட்டையைத் தட்டினவர் இருக்க மாட்டார். வேகன்வேயில் எஞ்சினே கிடையாதே! பாதையும் அதைப் பார்த்துக்கிட்டவனும் மட்டும்தான். அதனால்தான் பிடிச்சுப்போச்சு.

2013-ல் நியூகாசிலுக்குக் கிழக்கே, டைன் கரையில் மூடிக்கிடந்த நெப்டியூன் கப்பல் கட்டும் தளத்தைப் புதுசாக எதுவோ கட்ட ஒழுங்குபண்ணும்போது தொல்லியலாளர்கள் தோண்டினாங்க. 25 மீட்டர் நீளத்துக்கு மரத் தண்டவாளம் அப்படியே வந்தது. வில்லிங்டன் வேகன்வே, 1780-களின் நடுவில் போட்டது. இவ்வளவு முழுசாக இதுவரை எங்கேயும் கிடைச்சதில்லை. மேலே கப்பல் தளத்தின் குப்பையும் கழிவும் கொட்டி மூடியிருந்ததால் காற்றுப் படாமல், ஈரத்திலேயே கிடந்து தப்பிச்சிருக்கு. சில கட்டைகள் பழைய கப்பலை உடைச்ச மரம். ஒரு கடல் வாழ்க்கை முடிஞ்சு, ரயிலுக்கு வேலைக்கு வந்த கட்டை.

அதில் ஒரு விஷயம் பார்த்ததும் துள்ளிக் குதிச்சேன். முக்கியத் தடத்திலிருந்து ஒரு கிளை பிரிஞ்சு, கல் பாவின ஒரு பள்ளத்துக்குள் இறங்கி ஏறுது. பள்ளத்தில் தண்ணீர். எதுக்கு? மரச் சக்கரம் காய்ஞ்சு சுருங்கி விரிசல் விடாமல் இருக்க, வண்டியை அதில் இறக்கி நனைக்கிறாங்க. நம்ம ஊரில் கோடையில் மாட்டு வண்டிச் சக்கரம் காய்ஞ்சு பட்டை ஆட ஆரம்பிச்சா வண்டியோட குளத்தில் இறக்கி ஊற வைப்பாங்களே, அதேதான். கிராமத்தில் வளர்ந்த யாருக்கும் அந்தப் பள்ளத்துக்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது.

இன்னொண்ணு, அதன் அகலம். தண்டவாளங்களுக்கு நடுவில் 4 அடி 8 அங்குலம். ஸ்டீபன்சன் பின்னாடி கையிலெடுத்த அளவு. அதில் அரை அங்குலம் கூட்டினதுதான் இன்று உலகத்தில் பாதிக்கு மேல் ஓடுகிற ஸ்டாண்டர்ட் கேஜ். ஸ்டீபன்சன் 1800-களின் ஆரம்பத்தில் வில்லிங்டன் கீயில் எஞ்சின் பிரேக்காரராக வேலை பார்த்தவர், மகன் ராபர்ட் 1803-ல் பிறந்ததும் அங்கேயே. ரோமானிய ரதத்தின் அகலம், ரெண்டு குதிரைப் பின்புறத்தின் அகலம், அதுதான் ராக்கெட் வரைக்கும் தீர்மானிச்சதுன்னு ஒரு மெயில் பல வருஷமாச் சுத்துதே, உங்களுக்கும் வந்திருக்கும். நல்ல கதை, ஆனா நடுவில் ஆயிரத்துச் சொச்சம் வருஷம் காணோம். வேகன்வேக்களே நாலடியிலிருந்து அஞ்சடி வரை ஊருக்கு ஒரு அளவாத்தான் இருந்திருக்கு. ஸ்டீபன்சன் பிறந்த வைலம் ஊரில், வீட்டு வாசல் முன்னாடி போன பாதையே அஞ்சடி. டைன் கரையில் சில சுரங்கத் தச்சர்கள் பழகின அளவு, அங்கே வேலை பார்த்த ஒருத்தர் பிரபலம் ஆனதால் உலக அளவு ஆச்சு. இந்திய அகலப் பாதை 1676 மில்லிமீட்டர், அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. ஆனா 2015-ல் கோயம்பேட்டிலிருந்து ஓட ஆரம்பிச்ச சென்னை மெட்ரோ 1435 மில்லிமீட்டர், அதாவது 4 அடி எட்டரை அங்குலம். அடுத்த முறை மெட்ரோ ஏறும்போது குனிஞ்சு பாருங்க. அரை அங்குலத்தைக் கழிச்சா வில்லிங்டன்.

வெளியே எடுத்ததும் இன்னொரு கவலை. ஈரத்தில் இருந்த மரத்தைச் சும்மா காயவிட்டால் சுருங்கி நொறுங்கிப் போகும். மெழுகு மாதிரி ஒரு பொருளை மாசக்கணக்கில் உள்ளே ஏற்றி, உறையவெச்சு உலர்த்தணும். காசு, காலம் ரெண்டும் வேணும். அதனால் எல்லாத்தையும் காப்பாத்த முடியாது, தேர்ந்தெடுத்ததைத்தான். ஒரு பகுதி நார்த் ஷீல்ட்ஸில் ஸ்டீபன்சன் பேரில் இருக்கிற அருங்காட்சியகத்துக்கு வந்திருக்கு. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு பார்த்தேன். மேல் கட்டையில் சக்கரம் தேய்ச்ச தேய்வு தெளிவாத் தெரியுது. அது அழகுன்னு சொன்னா சிரிப்பீங்க. தோண்டாமலே விட்டிருந்தா இன்னும் இருநூறு வருஷம் பத்திரமா இருந்திருக்கும்னு வாதாடறவங்க இருக்காங்க. நியாயம்தான். ஆனா மேலே புதுக் கட்டடம் வர்ற இடத்தில் அந்த வாதம் செல்லாது. அதோட, மண்ணுக்குள்ளே பத்திரமா இருக்கிறதை யாரும் தட்டிப் பார்க்க முடியாது.

இதெல்லாம் படிச்சுக்கிட்டே வரும்போது ஒரு இடத்தில் நின்னுட்டேன். 1650, விக்கம் என்ற ஊர். டைன் ஆற்றுக்குத் தெற்கே, மேட்டில். கரி வண்டி ஏறி ரெண்டு பையன்கள் செத்துட்டாங்க. பதிவாகியிருக்கிற ரயில் விபத்துகளில் மிகப் பழசில் இதுவும் ஒண்ணுன்னு பட்டியல்களில் முதல் வரியாப் போடறாங்க. ரயில் விபத்து என்கிற சொல்லே இல்லாத காலம். இறக்கம், மரச் சக்கரம், கம்பின் மேல் ஒரு ஆள். பசங்க தடத்தில் விளையாடிக்கிட்டிருந்தாங்களா, வண்டியில் தொத்திக்கிட்டாங்களா, கரி பொறுக்கப் போனாங்களா? நம்ம ஊரில் தண்டவாள ஓரத்தில் கரி பொறுக்கின பசங்களை நான் பார்த்திருக்கேன். அப்பா அவங்களை விரட்டுவார், கெட்ட வார்த்தையில். ராத்திரி சாப்பிடும்போது அதைப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டார்.

விக்கம் போனேன். தேவாலயம் இருக்கு, அந்தப் பசங்களுக்குக் கல் எதுவும் இல்லை, இருக்கும்னு எதிர்பார்த்தும் போகலை. தேவாலயத்திலிருந்து ஆற்றுப் பக்கம் பார்த்தா சரிவு செங்குத்தா இறங்குது. கரி வண்டி போன வழி எதுன்னு குறிப்பா காட்ட முடியாத அளவுக்கு வீடுகள். இறங்கி நடந்தேன், முட்டி வலிச்சுது. பிரேக் பிடிச்சுக்கிட்டே இறங்கின மாதிரி ஒரு வலி. லைடாரிலும் வரைபடத்திலும் சரிவு ஒரு எண்தான், காலில்தான் தெரியுது.

அந்த வண்டிக்காரர் என்ன ஆனார்னு தேடினேன். ஒரு வரிகூட இல்லை. அவர் மறுநாளும் அதே கம்பின் மேல் உட்கார்ந்திருக்கணும், வேற வழி இருந்திருக்காது.

அடுத்து ஸ்காட்லாந்து. எடின்பரோவுக்குக் கிழக்கே டிரானென்டிலிருந்து காக்கன்ஸி துறைமுகம் வரைக்கும் 1722-ல் யார்க் பில்டிங்ஸ் கம்பெனி போட்ட வேகன்வே. 1745 செப்டம்பர் 21-ல் பிரெஸ்டன்பான்ஸ் சண்டை நடந்தது இந்தப் பாதை ஓடின வயலில்தான். வரலாற்றுப் புத்தகத்தில் சண்டை வந்துடும், பாதை அடிக்குறிப்பில் இருக்கும். அங்கே உள்ளூர் ஆர்வலர்கள் சேர்ந்து 2017-லிருந்து தோண்டிக்கிட்டிருக்காங்க, தொல்லியலாளர் கூட இருந்து வழிகாட்ட. குதிரை நடக்கக் கல் பாவின பாதை வெளியே வந்திருக்கு. படிப்பு, பட்டம் எதுவும் கேட்கிறதில்லை, மண்ணில் மண்டி போட்டு உட்காரத் தயாரா இருந்தாப் போதும்னு கேள்வி. கரண்டியும் ரப்பர் பூட்ஸும் வாங்கியாச்சு. வீட்டம்மா பூட்ஸைப் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லலை, அதுதான் கொஞ்சம் பயமா இருக்கு. போய்ட்டு வந்து எழுதறேன்.